காணாமல் போன ஒன்பது மீட்டர்

பெட்டியைத் தூக்கிய அந்த நொடியிலேயே கல்லக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெட்டியில் கனமே இல்லை.

கல் வைத்த பெட்டி கனக்க வேண்டும். வேறு ஒரு யோக்கியதையும் அதற்குத் தேவையில்லை. பூமிக்குள் துளை போடும்போது நடுவில் மிஞ்சுகிற பாறையைக் குழாயோடு மேலே இழுத்து, மணிக்கட்டுப் பருமனுள்ள அந்தக் கல் தண்டை மீட்டர் மீட்டராக முறித்து மரப்பெட்டியில் அடுக்குவார்கள். ஒரு பெட்டிக்கு ஐந்து வரிசை, ஐந்து மீட்டர். காகிதத்தில் எழுத்தைப் படிப்பதுபோல மேல் வரிசையில் தொடங்கிக் கீழ் வரிசை வரை படித்துக்கொண்டே போனால், அந்த இடத்தில் பூமி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிறைந்த பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில், முழங்கால் வலியோடு, எட்டாம் எண் பெட்டியை அவள் தன்னந்தனியாகத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டாள்.

அரசாங்கப் பாறைக் கிடங்குக்கு அவள்தான் பொறுப்பாளர். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, அதில் நாற்பதாயிரம் பெட்டி. கல்லோடே கிடக்கிறாள் என்பதற்காக லாரிக்காரர்கள் யாரோ கல்லக்கா என்று பேர் வைக்க, அது ஒட்டிக்கொண்டது. மனசும் கல்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படிச் சொல்கிறவர்களுக்கு அவள் டீ வாங்கித் தருவதில்லை, அவ்வளவுதான்.

நாடு ஒரு பெரிய சபதம் போட்டிருந்தது. சிமென்ட் சூளைகளிலிருந்து கிளம்பும் கரியமில வாயுவைப் புகைபோக்கியிலேயே பிடித்து, அழுத்தி, எண்ணூறு மீட்டருக்குக் கீழே பூமிக்குள் இறக்கிவிடப் போகிறோம், அதுவும் ஐந்தே வருஷத்தில், என்று வெளிநாட்டு மேடை ஒன்றில் ஏறிச் சொல்லியாகிவிட்டது. சொன்னவர்கள் கீழே இறங்கிய பிறகுதான் எங்கே இறக்குவது என்று தேடினார்கள். அகப்பட்டது சூளை ஊர். அடியில் பஞ்சுபோல் துளை நிறைந்த மணற்பாறை, அதற்குமேல் அறுபது மீட்டர் கனத்துக்குக் களிமண் பாறை, பானைக்கு மூடி போட்டதுபோல. அந்த மூடி ஓட்டை உடைசல் இல்லாதது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நிலக்கரி தேடிப் போட்ட ஒற்றைத் துளையின் வரைபடம். அந்த வரைபடத்தின் வலது மூலையில் இருந்தது கல்லக்காவின் கையெழுத்து.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. துளைகளை மேற்பார்த்து வரைபடம் போடுகிற வேலையில் சேர்ந்து எட்டு மாசம்.

துளை போடுகிற குழுக்களிடையே ஒரு பழக்கம் இருந்தது. வெளியாருக்குத் தெரியாது, உள்ளே இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். பாறை நொறுங்கிக் கிடக்கிற இடத்தில் துளை போட்டால் கல் தண்டு மேலே வராது, சேறாகக் கரைந்து போய்விடும். அப்படிக் காணாமல் போன அளவைச் சின்ன மரக்கட்டையில் எழுதி, பெட்டியில் அந்த இடத்தில் செருகி வைக்க வேண்டும். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனால் மேலிடம் அந்தக் குழுவையே கழற்றி விட்டுவிடும். அதனால் கட்டை செருகமாட்டார்கள். வந்த துண்டுகளை இடம்விட்டுப் பரப்பி, நடுவில் சில்லுகளைப் போட்டு, பார்த்தால் முழுப்பெட்டி மாதிரி ஆக்கிவிடுவார்கள். இதற்குப் பெட்டி நிரப்புவது என்று பேர். மேற்பார்க்கிறவர் கண்டும் காணாமல் இருந்துவிட்டால் ஊருக்கெல்லாம் சுகம்.

அந்தத் துளையில் நாலு பேர் அவள் முன்னால் வெயிலில் நின்றார்கள். மூன்று நாளாகக் கல் வரவில்லை. அவர்களில் மூத்தவர் ஒன்றும் கெஞ்சவில்லை, பெட்டியைக் காட்டி "நிரப்பிடட்டுமாம்மா" என்று மட்டும் கேட்டார். அவள் இரக்கப்பட்டாள். இங்கே என்ன நிலக்கரியா இருக்கிறது, வெறும் களிமண் பாறை, யார் வந்து இதைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். களிமண் பாறைக்கான பன்னிரண்டு பெட்டிகளில் ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய மூன்றையும் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, வரைபடத்தில் அறுபது மீட்டரையும் ஒரே சீரான கோடாக இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது எட்டாம் பெட்டியின் மூடியைத் திறந்து, துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளினாள். ஐந்து வரிசைக் கல் இரண்டு வரிசையில் அடங்கிவிட்டது. ஏழிலும் ஒன்பதிலும் அதே கதை. பதினைந்து மீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு மீட்டர். ஒன்பது மீட்டரைக் காணோம். மூடி என்று நாடே நம்பிக்கொண்டிருந்த பாறையின் நட்டநடுவில் நொறுங்கல். நொறுங்கல் என்றால் வெடிப்பு ஓடுகிற வழி. வெடிப்பு எதுவரை ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

அவள் நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத்தானே நன்றாகத் திட்டிக்கொண்டாள். அச்சில் ஏற்ற முடியாத திட்டு. பிறகு வாயுவை இறக்கும் திட்டத்துக்காக அரசாங்கம் போட்டிருந்த குழுவின் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

தலைவர் பொருளாதாரப் பேராசிரியர். வாயைத் திறந்தால் இலக்கு, மூடினால் இலக்கு. அதனால் அலுவலகம் முழுக்க அவருக்கு இலக்கு என்றே பேர்.

"அந்த வரைபடம் தப்பு சார். நான் போட்டதுதான், தப்பாப் போட்டுட்டேன். புதுசா ஒரு துளை போட்டுப் பார்க்காம கேஸை இறக்கக் கூடாது" என்றாள்.

"புதுத் துளைன்னா எவ்வளவு நாளாகும்?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா. நம்ம இலக்கு என்ன ஆகுறது? இருபத்தெட்டு வருஷமா வராத ஞானோதயம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"இருபத்தெட்டு வருஷமா அந்தப் பெட்டியை யாரும் தூக்கல."

"வியாழக்கிழமை சூளை ஊர்ல மக்கள் கருத்துக் கூட்டம் இருக்கு. சொல்றதை அங்க வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். அவள் வரமாட்டாள் என்று நினைத்திருப்பார். சூளை ஊரில் அவளுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஏனென்றால் அந்த ஊரின் தொழிற்சங்கத் தலைவர் அவளுடைய தங்கையின் கணவர். சூளையில் மேஸ்திரி. புகை தின்கிறவனுக்குப் போய்க் கழுத்தை நீட்டுகிறாயே என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் தங்கையிடம் கேட்டவள் கல்லக்கா. அதைத் தங்கை அப்படியே கொண்டுபோய் அவரிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அக்கா தங்கைக்குள் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. ஒன்பது வயசுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. அதன் பிறந்த நாளுக்குக் கல்லக்கா கல் அனுப்புவாள், ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு நிறத்தில். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி பதில்கூட வந்ததில்லை.

வியாழக்கிழமை அவள் எட்டாம் பெட்டியோடு பஸ் ஏறினாள்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். கூரை மின்விசிறிகள் சத்தம் போட்டதே தவிரக் காற்று வரவில்லை. முந்நூறு நாற்காலியும் நிறைந்து, சுவரோரமெல்லாம் ஆள் நின்றது. முக்கால்வாசிப் பேர் ஷிப்டு முடிந்து அப்படியே வந்திருந்ததால் தலையிலும் புருவத்திலும் சாம்பல் பூத்திருந்தது.

இலக்கு பேசினார். பணக்கார நாடுகள் இருநூறு வருஷம் எரித்துத் தின்று கொழுத்துவிட்டு, இப்போது நம்மிடம் வந்து புகையோடு செய்த சிமென்டை வாங்கமாட்டோம் என்கின்றன, சரி, நாம் புகையைப் பிடித்துக் காட்டுவோம், நாமே முதல் என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நாட்டுப் பெருமை என்ற சரக்குக்கு எந்த ஊரிலும் கிராக்கிதான்.

அடுத்து, சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்துகிற வக்கீலம்மா எழுந்தார். தலைநகரத்திலிருந்து வந்தவர். ஊர் அவரைப் பார்த்த பார்வையில் பச்சைக் கொடியே பட்டுப் போயிருக்கும்.

"புகையைப் பிடிக்கிறேன்னு சொல்றது, இன்னும் நாப்பது வருஷம் புகை விடுறதுக்கு வாங்குற அனுமதிச் சீட்டு. சூளையை மூடுறதுதான் நேர்மை" என்றார் அவர்.

மேஸ்திரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கட்டை குட்டையான ஆள், நிதானமாகப் பேசுவார்.

"மூடிட்டு, ஆஸ்பத்திரி, பாலம் எல்லாம் எதுல கட்டுவீங்கம்மா? அடுப்பை மாத்தலாம், கரண்டுல கூட எரிக்கலாம். ஆனா சுண்ணாம்புக் கல்லைச் சுட்டாலே கல்லுக்குள்ள இருந்தே இந்த வாயு வரும். அது அதோட குணம். அதைப் புடிக்கிறதைத் தவிர வேற வழி கிடையாது. நாங்க ஆயிரத்து நூறு பேரும் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் குடுத்திருக்கோம்."

கல்லக்காவுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்குக் காரணம், அந்த மனுஷன் சொன்னது சரி. அந்த மண்டபத்தில் பேசியவர்களில் கல்லைப் பற்றி உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். வாயுவைப் பிடிக்கவேண்டும் என்பதில் அவளுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிடித்ததைக் கொண்டுபோய் விரிசல் விட்ட பானையில் ஊற்றுகிறார்களே என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினாள். முன்னுரை எதுவும் இல்லை. மூடியைத் திறந்து, இது உங்கள் ஊருக்கு அடியில் இருந்து வந்த கல் என்றாள். இது முழுப்பெட்டியாக இருந்தால் என் ஒருத்தியால் தூக்க முடியாது என்றாள். பிறகு முந்நூறு பேர் பார்க்க, துண்டுகளை வலது கையால் நெருக்கித் தள்ளினாள். கல்லோடு கல் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்று வரிசை காலியாக நின்றது. வெள்ளை வெளேரென்று பெட்டியின் அடிமரம் தெரிந்தது.

"இதுல இல்லாத கல்லு நொறுங்கிப் போன கல்லு. அதை மறைச்சு முழுசுன்னு எழுதினது நான். அந்தக் கேஸுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, காத்தை விடக் கனம். மேல வந்துச்சுன்னா பள்ளத்துல போய்ப் படுத்து, அங்க இருக்கிறவங்க மூச்சை அடைச்சிடும். உங்க ஊர்ல பள்ளத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

பள்ளத்தில் இருந்தது தொழிலாளர் குடியிருப்பு. மண்டபத்தில் பாதிப்பேருடைய வீடு.

அவர்கள் கேட்பார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். என்ன பைத்தியக்காரத்தனம். இலக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மிக மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், நீங்க அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணு பொய்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. எதை நம்புறதுன்னு நாங்க எப்படி முடிவு பண்றது? இந்தக் கல்லை நேத்து நீங்களே வெளியில எடுத்து வெச்சிருக்கலாமே?"

மண்டபம் சிரித்தது. பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு, அதனால் இன்னும் சத்தமாக இருந்தது. சூளையை மூட வந்தவள், பொறாமைக்காரி, பெட்டி தூக்கி என்று ஆளுக்கொன்று வந்து விழுந்தது. மேஸ்திரி தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வைதான். நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்து நின்றாள்.

"அது என் கூடப்பொறந்த அக்கா. இந்தச் சூளை மேல அதுக்கு எப்பவுமே காய்ச்சல். நாங்க நல்லா இருக்கிறது அதுக்குப் பொறுக்காது. அது பேச்சை யாரும் கணக்குல எடுத்துக்க வேண்டாம்" என்றாள். குரல் நடுங்கவில்லை.

அத்தோடு முடிந்தது. இலக்கு சட்டத்தைப் படித்தார். திட்ட எல்லைக்குள் குடியிருக்கிறவர் ஒருவராவது எழுத்தில் ஆட்சேபம் தந்தால் அனுமதிக்கு முன் புதுத் துளை போட்டே ஆகவேண்டும், கடைசி நேரம் திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. வெளியூர்க்காரர்கள் சொல்வது பதிவு செய்யப்படும், கட்டுப்படுத்தாது. அந்த விதி வக்கீலம்மா இரண்டு வருஷம் மல்லுக்கட்டி வாங்கியது. ஆயிரத்து நூறு கையெழுத்து விழுந்த ஊரில் எவன் ஆட்சேபம் எழுதப் போகிறான் என்ற தைரியத்தில்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வாசலில் வக்கீலம்மா அவளை மறித்தார்.

"உங்க ஒன்பது மீட்டரை எனக்குக் குடுங்க. இந்தத் தொழில்நுட்பமே மோசடின்னு நாடு முழுக்கக் காட்டுறேன்."

"மோசடி தொழில்நுட்பம் இல்லம்மா, நான். வேற நல்ல இடத்துல கேஸை இறக்கட்டும், நானே போய்க் கையெழுத்துப் போடுறேன்."

"அப்ப நீங்களும் அவங்க ஆளுதான்" என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா காரில் ஏறிக்கொண்டார். ஆக, ஒரே மத்தியானத்தில் கல்லக்கா இரண்டு கட்சிக்கும் எதிரி.

ஒரு கையெழுத்து. ஒரே ஒரு ஆளுடைய கையெழுத்து, கதவு எண்ணோடு. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அவள் பள்ளத்துத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். முழங்கால் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. சிலர் கதவையே திறக்கவில்லை. சிலர் திறந்து முகத்தில் அடித்தாற்போல் சாத்தினார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி மட்டும் அவள் சொன்ன அத்தனையையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா நான் கையெழுத்துப் போட்டா இவன் அப்பாவை நாளைக்கே வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. கேஸு வர்றப்ப வரட்டும், பசி தினம் வருது" என்றாள்.

கல்லக்கா குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தாள். இன்னொரு வீட்டு மாடியிலிருந்து யாரோ சாம்பல் தண்ணீரை அவள்மேல் ஊற்றினார்கள். ஈரப் புடவையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே தன் ஊர் திரும்பினாள், பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி நின்றார்கள். அந்தச் சூளை ஊர் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே, ஐயோ, நிஜமாகவே போய்விடுமே என்று பதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவள் இருப்பது மேட்டுத் தெருவில், மூன்றாம் மாடி. திறந்தால் வாசலில் தங்கை. கையில் இரண்டு பை. பக்கத்தில் பள்ளிக்கூடப் புத்தக மூட்டையோடு குழந்தை, அண்ணாந்து கல்லக்காவைப் பார்த்துக்கொண்டு.

"பெரியம்மா, நீங்க அனுப்புன கல்லு எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கேன். பச்சை மட்டும் தொலைஞ்சு போச்சு" என்றது குழந்தை.

கல்லக்கா கதவை அகலத் திறந்தாள். குழந்தையை உள்ளே போய்ப் பால்கனியில் நிற்கச் சொல்லிவிட்டு, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன விஷயம்?"

"இவ இங்கேயே இருக்கட்டும். இங்க இருக்கிற ஸ்கூல்ல சேர்த்து விடு. ஏன்னு கேக்காத."

"ஏன்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருதான் பையைக் கட்டிக் குடுத்தாரு."

கல்லக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கூட்டத்தில் முந்நூறு பேர் முன்னால் சம்மதம் என்ற மனுஷன், தன் பிள்ளையின் பையைத் தானே கட்டியிருக்கிறார்.

"நல்லா இருக்குடி நியாயம். உன் பிள்ளைக்கு மூணாம் மாடி, மத்த பிள்ளைங்களுக்குப் பள்ளமா? மண்டபத்துல என்ன சொன்ன? அது பேச்சைக் கணக்குல எடுத்துக்க வேண்டாம்னு சொன்னியே. எடுத்துக்காத. பிள்ளையைக் கூட்டிட்டுப் போ."

"போக மாட்டேன்."

"அப்ப ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடு. நீ அந்த ஊர்க்காரி. உன் ஒரு கையெழுத்து போதும். போட்டுட்டுப் பிள்ளையை விட்டுட்டுப் போ. இல்லைன்னா ரெண்டு பேருமா இறங்குங்க."

சொல்லிவிட்டுத் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாள். குழந்தையைப் பணயமாக வைத்துப் பேரம் பேசுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வாசலைவிட்டு நகரவில்லை.

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். பைகளைக் கீழே வைத்தாள்.

"நீ எப்பவுமே இப்படித்தான். உன் கையில ஏதாவது கிடைச்சா அதை வெச்சுக் கழுத்தை நெரிப்ப. அவரு சங்கத் தலைவர். அவரு பொண்டாட்டியே ஆட்சேபம்னு எழுதினா அவரு அந்த ஊர்ல தலை காட்ட முடியுமா? வீட்டு மேல கல்லு விழும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கிற."

"தெரிஞ்சும்தான் கேக்கிறேன். நீ எப்படி நம்பின? அதைச் சொல்லு முதல்ல. அத்தனை பேர்ல நீங்க ரெண்டு பேர் மட்டும் ஏன் நம்புனீங்க?"

தங்கை குழந்தை போன பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளே குழந்தை கற்களைத் தரையில் அடுக்குகிற சத்தம் கேட்டது.

"நீ வாழ்க்கையில யார்கிட்டயும் தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல. அம்மா செத்தப்போகூட ஒத்துக்கல. என் கல்யாணத்துல பேசினதுக்கு இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. அப்பேர்ப்பட்ட நீ, ஊரு சிரிக்கும்னு தெரிஞ்சும் பெட்டியைத் தூக்கிட்டு வந்து, நான் பொய் எழுதினேன்னு நிக்கிற. அப்பவே எனக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. அவரும் ராத்திரி பூரா தூங்கல."

"பின்ன எதுக்குடி எழுந்து நின்னு அப்படிப் பேசின?"

"நீ போயிடுவ. நான் அந்தத் தெருவுலதான குடித்தனம் பண்ணணும்."

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் தங்கை கையை நீட்டினாள்.

"பேப்பர் குடு. என்ன எழுதணும்னு நீ சொல்லக் கூடாது. நான்தான் எழுதுவேன்."

கல்லக்கா காகிதமும் பேனாவும் கொண்டுவந்தாள். தங்கை சமையலறை மேடையில் வைத்து, நின்றபடியே எழுதினாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது செய்ததுபோலவே இடது கையால் காகிதத்தை மறைத்துக்கொண்டாள். கையெழுத்தும் தேதியும் கதவு எண்ணும் போட்டு, நாலாக மடித்து நீட்டினாள். உள்ளே போய்க் குழந்தையின் தலையைத் தடவினாள். திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அவளுக்குப் பெரியம்மாவா இரு. எனக்கு அக்காவா இருக்க வேண்டாம். நம்ம கணக்கு இதோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கல்லக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தாள். குழந்தை வந்து எதற்குப் பெரியம்மா அழுகிறீர்கள் என்று கேட்டது. அழவில்லை என்றாள். சிரிக்கவும் செய்தாள், நிறுத்த முடியவில்லை.

திங்கட்கிழமை நாலே கால் மணிக்குக் குழுவின் அலுவலகத்தில் ஒரே ஒரு குமாஸ்தாதான் இருந்தார். ஆட்சேபப் பெட்டி காலியாக இருந்த திருப்தியில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்லக்காவைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"மேடம், உங்க ஆட்சேபம் செல்லாது. நீங்க வெளியூரு."

"என்னோடது இல்ல. எல்லைக்குள்ள இருக்கிறவங்களோடது. கதவு எண் பாருங்க."

குமாஸ்தா கதவு எண்ணைப் பார்த்தார். பேரைப் பார்த்தார். சங்கத் தலைவரின் வீடு என்று புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வாய்விட்டே படித்தார்.

"இந்தத் திட்டம் முழுவதும் ஒரே ஒரு வரைபடத்தை நம்பி இருக்கிறது. அதை வரைந்தவர் என்னுடைய அக்கா. அவரை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவர் சொன்னதை நம்பி என் குழந்தையைப் படுக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் பொய் சொன்னதாக அவரே கூட்டத்தில் ஒத்துக்கொண்டார். எனவே அவருடைய கையெழுத்தை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வேறு ஆளை வைத்துப் புதிதாகத் துளை போட்டுப் பாருங்கள்."

படித்து முடித்துக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று. இதை வைத்துக்கொண்டு ஊரில் மேஸ்திரியை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. பொண்டாட்டிக்கும் அவள் அக்காவுக்கும் தீராத பகை, அந்த ஆத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள், நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிடலாம். ஊரும் நம்பும். மண்டபத்தில் முந்நூறு பேர் கண்ணால் பார்த்தார்களே.

குமாஸ்தாவுக்கு ஒரே குழப்பம்.

"இதுல உங்களைப் பத்தித்தான் மோசமா எழுதியிருக்கு. உங்க வேலைக்கே உலை வெச்சிடும் இது. இதை நீங்களே கொண்டு வந்து குடுக்கிறீங்களா?"

"ஆமா."

"நல்லா யோசிச்சுக்குங்க மேடம். இது உண்மைன்னு நீங்க ஒத்துக்கிற மாதிரி ஆயிடும்."

"அதுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் உண்மை" என்றாள் கல்லக்கா. "மணி ஆகுது. சீல் போடுங்க."